‘டவுட்’ என்று எழுதினால் ஏன் கோபம் வருகிறது?

கேள்வி: டீச்சர், நான் தண்டையார்பேட்டை. மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, அப்புறம் மாலைக் கல்லூரியில் பி.காம். முடித்தேன். இரண்டு வருஷமாக லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு சி.எச்.ஏ. (சுங்க ஏஜென்ட்) ஆபீஸில் டாக்குமென்ட் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு வெளிநாட்டு சப்ளையர் அனுப்பிய இன்வாய்ஸில் 421 பெட்டி என்றும், பேக்கிங் லிஸ்டில் 412 பெட்டி என்றும் இருந்தது. எது சரி என்று கேட்கத்தான் மெயில் போட்டேன். ‘வி டவுட் யுவர் இன்வாய்ஸ்’ என்று எழுதினேன். அவர் எங்கள் முதலாளிக்கே போன் போட்டு, ‘எங்களைத் திருடர்கள் என்கிறீர்களா’ என்று கத்திவிட்டார். அன்றிலிருந்து எந்த வார்த்தையைப் போடவும் பயமாக இருக்கிறது. அகராதியைப் பார்த்தால் செக், வெரிஃபை, கன்ஃபர்ம் எல்லாவற்றுக்கும் ‘சரிபார், உறுதிசெய்’ என்றே போட்டிருக்கிறது. போர்ட்டும் துறைமுகம், ஹார்பரும் துறைமுகம். லீக்கும் கசிவு, ஸ்பில்லும் கசிவு. எல்லாம் ஒன்றுதான் என்றால் எதற்கு இத்தனை வார்த்தை? ஒன்றில்லை என்றால் எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது? தமிழ் மீடியம் என்றால் இப்படித்தான் என்று பக்கத்து சீட்டில் சொல்கிறார்கள். பெயர் வேண்டாம் டீச்சர்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

பக்கத்து சீட்டில் சொன்னதை முதலில் ஒதுக்கி வையுங்கள். ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்களும்தான் சொல்கிறார்கள். பாடம் முடிந்ததும் ‘எனி டவுட்ஸ்?’ என்று கேட்காத ஆசிரியரை நம் ஊரில் தேடித்தான் பிடிக்க வேண்டும். நம் எல்லோருக்கும் மனசுக்குள் ஓடுவது ‘சந்தேகம்’ என்ற சொல். அதைத்தான் ‘டவுட்’ என்று வெளியே விடுகிறோம்.

அந்தச் சந்தேகம் தமிழில் மூன்று வேலை செய்கிறது. ‘கணக்கில் ஒரு சந்தேகம் சார்’ என்றால் புரியவில்லை, சொல்லித் தாருங்கள் என்று அர்த்தம். ‘இன்றைக்கு மழை வருவது சந்தேகம்தான்’ என்றால் வராது என்று தோன்றுகிறது. ‘அவன் மேல் எனக்குச் சந்தேகம்’ என்றால் அவன்தான் செய்திருப்பான் என்று நினைக்கிறேன். தமிழ் கேட்கிறவர் பக்கத்தில் இருக்கிற சொற்களை வைத்து எது என்று ஒரு நொடியில் பிடித்துக்கொள்வார். ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் மூன்று சொல் இருக்கிறது. முதலாவதற்கு ‘கொஸ்சன்’ அல்லது ‘க்வெரி’. இரண்டாவதற்கு ‘டவுட்’. மூன்றாவதற்கு ‘சஸ்பெக்ட்’.

கடைசி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தூக்கிவாரிப் போடும். ‘ஐ டவுட் தட் தி கன்டெய்னர் ஹேஸ் அரைவ்ட்’ என்றால், கன்டெய்னர் வந்திருக்காது என்று நினைக்கிறேன். ‘ஐ சஸ்பெக்ட் தட் தி கன்டெய்னர் ஹேஸ் அரைவ்ட்’ என்றால், வந்திருக்கும் என்று நினைக்கிறேன். நமக்கு இரண்டும் ‘சந்தேகப்படுகிறேன்’. அவர்களுக்கு இரண்டும் எதிர் எதிர்.

ஆக, ‘வி டவுட் யுவர் இன்வாய்ஸ்’ என்ற வரியை அந்த மனிதர் ‘உங்கள் இன்வாய்ஸை நாங்கள் நம்பவில்லை’ என்றுதான் படித்திருக்கிறார். அதிலும் எந்த ஆபீஸிலிருந்து அந்த வரி போயிருக்கிறது என்பதைப் பாருங்கள். 2007-ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகளில் 12-ஆம் விதியை உங்கள் முதலாளியிடம் கேட்டால் எடுத்துக் காட்டுவார். சரக்குக்குச் சொன்ன விலை உண்மைதானா, சரிதானா என்று ‘டவுட்’ செய்ய அதிகாரிக்குக் காரணம் இருந்தால், அவர் மேல்விவரம் கேட்கலாம், அந்த விலையைத் தள்ளவும் செய்யலாம். விதியில் இருக்கும் சொல்லே ‘டவுட்’தான். சப்ளையர் அந்த விதியைப் படித்திருக்க வேண்டியதில்லை. கஸ்டம்ஸ் வேலை செய்கிற ஆபீஸ் ஒன்று ‘டவுட்’டையும் ‘இன்வாய்ஸ்’ஸையும் ஒரே வரியில் சேர்த்து எழுதினால், விலையைக் குறைத்துக் காட்டினாய் என்று குற்றம் சாட்டுவதாகத்தான் அவர் காதில் விழும். அவருக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது. உங்கள் மனசில் அப்படி ஒன்றும் இல்லை என்பதும் உண்மை.

சரி, எப்படிப் பிரிப்பது என்று கேட்டீர்கள். அதற்கு முன்னால் உங்களை ஒன்று கேட்கிறேன். டெமரேஜ், டிடென்ஷன் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். கட்டணமில்லாத ஃப்ரீ டேஸ் முடிந்த பிறகும் கன்டெய்னர் போர்ட்டுக்குள்ளேயே கிடந்தால் டெமரேஜ். வெளியே எடுத்துப் போய்விட்டு, காலிப் பெட்டியைக் கெடுவுக்குள் லைனருக்கு, அதாவது கப்பல் கம்பெனிக்கு, திருப்பிக் கொடுக்காவிட்டால் டிடென்ஷன். தமிழில் எழுதினால் இரண்டும் ‘தாமதக் கட்டணம்’தான். அப்படியும் நீங்கள் ஒருநாளும் மாற்றி எழுத மாட்டீர்கள். அந்த வித்தியாசத்தை உங்களுக்கு எந்த அகராதியும் சொல்லித் தரவில்லை. பெட்டி எங்கே நிற்கிறது, பில் எதற்கு வருகிறது என்று பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டீர்கள்.

மற்ற சொற்களையும் இப்படித்தான் பிடிக்க வேண்டும். ‘இதற்குத் தமிழில் என்ன?’ என்று கேட்டால் எல்லாச் சொல்லும் ஒரே குட்டையில் போய் விழும். ‘இந்தச் சொல்லை எழுதினால் எதிரில் இருப்பவர் அடுத்து என்ன செய்வார்?’ என்று கேளுங்கள். சொற்கள் தாமாக விலகி நிற்கும்.

செக், வெரிஃபை, கன்ஃபர்ம் மூன்றையும் அப்படிப் பார்ப்போம். இந்த மூன்றிலும்தான் ஆபீஸ் வேலையில் அதிகமாக மாட்டிக்கொள்கிறோம், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

‘வி வில் செக்’ என்று எழுதினால், ஒரு பார்வை பார்க்கிறோம் என்று அர்த்தம். தப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். படித்தவர் உங்கள் அடுத்த மெயிலுக்காகக் காத்திருப்பார். ‘வெரிஃபை’ என்றால் ஒன்றை வைத்து இன்னொன்றை ஒப்பிட்டு, உண்மைதான் என்று நிலைநாட்டுவது. அதற்குக் கையில் ஆதாரம் வேண்டும். ‘எதை வைத்து வெரிஃபை செய்தீர்கள்?’ என்று அவர் கேட்கலாம், கேட்டால் காட்ட வேண்டும். ‘கன்ஃபர்ம்’ என்றால் வாக்குக் கொடுப்பது. ‘வி கன்ஃபர்ம் தி ரேட்’ என்று எழுதிவிட்டால் அந்த ரேட்டுக்கு நீங்கள் கட்டுப்பட்டவர். படித்தவர் அதை நம்பி லாரிக்குச் சொல்லிவிடுவார்.

கப்பல் வருகிற தேதியை லைனரின் இணையதளத்தில் எட்டிப் பார்த்துவிட்டு, ‘வி கன்ஃபர்ம் தி வெசல் வில் அரைவ் ஆன் தி ஃபோர்டீன்த்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. கடல் கொந்தளித்துக் கப்பல் 16-ஆம் தேதி வந்தால், இரண்டு நாள் லாரி வாடகையை யார் தலையில் கட்டுவார்கள்? நீங்கள் செய்தது செக். எழுதியது கன்ஃபர்ம். ‘அக்கார்டிங் டு தி லைனர்ஸ் வெப்சைட்’ என்று தொடங்கியிருந்தால் அந்தச் சுமை உங்கள் மேல் ஏறியிருக்காது.

வெரிஃபைக்கு உங்கள் மேசையிலேயே நல்ல உதாரணம் கிடக்கிறது, வி.ஜி.எம்., அதாவது கன்டெய்னரின் மொத்த எடையைச் சொல்லும் ‘வெரிஃபைட் கிராஸ் மாஸ்’. அதில் ‘வி’ என்ற எழுத்து வெரிஃபைட் என்பதைக் குறிக்கிறது. முன்பெல்லாம் கன்டெய்னர் எடையை ஷிப்பர், அதாவது சரக்கை அனுப்புகிறவர், ‘டிக்ளேர்’ செய்வார். தன் வாயால் சொல்வார், அவ்வளவுதான். எடையைக் குறைத்துச் சொன்ன பெட்டிகளால் கப்பலின் மேலடுக்குகள் சரிந்து விபத்து நேரக்கூடும் என்பதால், சோலாஸ் என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் திருத்தம் வந்து, 2016 ஜூலை 1 முதல் எடை ‘வெரிஃபைட்’ ஆக இருந்தே தீர வேண்டும் என்றானது. நிரப்பிய கன்டெய்னரை அப்படியே எடைமேடையில் ஏற்றலாம். இல்லையென்றால் உள்ளே வைக்கும் ஒவ்வொன்றையும் நிறுத்து, அதோடு காலிப் பெட்டியின் எடையைக் கூட்டலாம். எப்படியானாலும் தராசு இல்லாமல் வெரிஃபை இல்லை. இனி அந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் மனசில் ஒரு எடைமேடையை நிறுத்திக்கொள்ளுங்கள்.

எல்லாச் சொல்லுக்கும் இந்தக் கேள்வி போதாது. போர்ட், ஹார்பர் மாதிரிப் பெயர்ச்சொற்களுக்கு வேறு ஒன்று கேட்க வேண்டும். இந்தச் சொல் எந்தப் பக்கம் பார்க்கிறது?

இரண்டும் துறைமுகம்தான். ஆனால் ஹார்பர் என்ற சொல் தண்ணீரைப் பார்க்கிறது. அலையும் காற்றும் அடிக்காமல் படகும் கப்பலும் ஒதுங்கி நிற்கிற அடைக்கலம் அது. வினைச்சொல்லாக வரும்போது ‘ஹார்பர் எ கிரிமினல்’ என்றால் குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுப்பது என்று வருவதும் அதனால்தான். போர்ட் என்ற சொல் வியாபாரத்தைப் பார்க்கிறது. சரக்கு ஏற்றுவது, இறக்குவது, சுங்கம், கிடங்கு, கணக்கு எல்லாம் சேர்ந்தது போர்ட்.

இதை விளங்கிக்கொள்ள நம் ஊரைவிட நல்ல பாடம் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே இடம் பெற்றது 1639-இல். அன்று முதல் இருநூறு வருஷத்துக்கும் மேல் சென்னையில் வியாபாரம் அமோகமாக நடந்தது. ஆனால் ஒதுங்க ஓர் இடமில்லை, திறந்த கடற்கரை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலா படகுகள் அலைகளைத் தாண்டிப் போய், சரக்கையும் ஆட்களையும் கரை சேர்க்கும். ஆணி அடித்த படகு அந்த அலையில் விரிந்துபோகும், தைத்த படகு வளைந்துகொடுக்கும். கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர் எழுப்பி ஒரு செயற்கை ஹார்பரை உண்டாக்கும் வேலை 1870-களில்தான் தொடங்கியது. 1881-இல் அடித்த புயல் அதையும் உடைத்துப் போட, மறுபடியும் கட்டினார்கள். ஆக இருநூறு வருஷத்துக்கு மேல் சென்னை, ஹார்பர் இல்லாத போர்ட்டாக இருந்தது. ஆங்கிலத்தில் இந்த வாக்கியம் ஒழுங்காக நிற்கும். தமிழில் ‘துறைமுகம் இல்லாத துறைமுகம்’ என்று எழுதினால் விடுகதை போல ஆகிவிடும். இப்போது காசிமேட்டில் பெயர்ப்பலகையைப் பாருங்கள், ‘ஃபிஷிங் ஹார்பர்’ என்று இருக்கும். விசைப்படகுகள் ஒதுங்கி நிற்கிற இடம் என்பதால் அந்தச் சொல்.

காசிமேடு என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘கட்டமரான்’ என்ற ஆங்கிலச் சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது. ஆனால் இன்று ஒரு வெளிநாட்டுக்காரரிடம் அந்தச் சொல்லைச் சொன்னால், இரண்டு உடல்களைப் பக்கவாட்டில் இணைத்த படகுதான் அவர் கண்ணில் வரும். மரங்களைச் சேர்த்துக் கட்டிய, மேலே உட்கார்ந்து துடுப்புப் போடுகிற நம்முடைய கட்டுமரம் வராது. நம்முடைய சொல்லையே திருப்பி எடுத்தாலும் அர்த்தம் அப்படியே திரும்பி வருவதில்லை. அப்படியிருக்க அகராதியில் எதிரெதிரே அச்சடித்த இரண்டு சொற்களைச் சமம் என்று எப்படி நம்புவது?

லீக், ஸ்பில் இரண்டும் நம் பக்கத்து ஆட்களுக்கு வலியோடு தெரிந்த சொற்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்குள் பரவியது. மீனவர்களின் படகும் வலையும் கருத்துப்போயின. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு, பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் வரும் குழாயிலிருந்து அமோனியா வெளியேறி, மூச்சு முட்டி ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். தமிழ்ச் செய்திகளில் முதலாவது ‘எண்ணெய்க் கசிவு’, இரண்டாவது ‘வாயுக் கசிவு’. ஆங்கிலத்தில் முதலாவது ‘ஆயில் ஸ்பில்’, இரண்டாவது ‘கேஸ் லீக்’.

லீக் என்ற சொல் குழாயை, பீப்பாயைப் பார்க்கிறது. எங்கோ ஓட்டை, எங்கோ விரிசல், அதன் வழியாக வரக் கூடாதது வருகிறது. ஸ்பில் என்ற சொல் தரையை, தண்ணீரைப் பார்க்கிறது. உள்ளே இருந்த திரவம் வெளியே வந்து பரவிக் கிடக்கிறது. வாயு லீக் ஆகும், ஸ்பில் ஆகாது. டம்ளர் கவிழ்ந்து பால் கொட்டினால் அது ஸ்பில், லீக் இல்லை. உங்கள் வேலையில் ஒரு டிரம் ‘லீக்கிங்’ என்று எழுதினால், பேக்கிங் சரியில்லையா என்று ஷிப்பரைப் பார்த்துக் கேள்வி போகும். ‘ஸ்பில்’ என்று எழுதினால், எங்கே கொட்டியது, யார் சுத்தம் செய்வது, என்ன கெமிக்கல் என்று கன்டெய்னர் சரக்குக் கிடங்கான சி.எஃப்.எஸ். பக்கம் கேள்வி போகும். இரண்டும் நடந்திருந்தால் இரண்டையும் எழுதுங்கள்: டிரம் லீக் ஆகிறது, தரையில் ஸ்பில் ஆகியிருக்கிறது. எண்ணூரில் நடந்ததைக் ‘கசிவு’ என்று எழுதும்போது எனக்கு இன்னமும் மனசு ஒப்புவதில்லை. கசிவு என்றால் சுவரில் ஈரம் பூப்பது போல ஏதோ சின்ன விஷயமாகத் தெரிகிறது. அங்கே பரவியது எண்ணெய்ப் படலம். தமிழிலும் அதை ‘எண்ணெய்ப் பரவல்’ என்று எழுதலாம் என்பது என் எண்ணம்.

வேகமாகச் சில சொற்களைச் சொல்லிவிடுகிறேன். கார்கோ என்றால் சரக்கு. ஃப்ரெய்ட் என்பதற்குச் சரக்கு என்ற பொருளும் உண்டு, ஆனால் கப்பல் கம்பெனி தருகிற சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் ‘ஃப்ரெய்ட் ப்ரீபெய்ட்’ என்றால் அது கப்பல் கூலி. அசெஸ் என்றால் அதிகாரி வரியைக் கணக்கிட்டு நிர்ணயிப்பது, எக்ஸாமின் என்றால் பெட்டியைத் திறந்து பார்ப்பது. டேமேஜ் என்றால் சேதம். அதைப் பன்மையாக்கி ‘டேமேஜஸ்’ என்று எழுதினால் வக்கீல் கண்ணுக்கு அது நஷ்டஈட்டுத் தொகை, அதனால் பத்துப் பெட்டி உடைந்தாலும் ‘டேமேஜ்’ என்றே எழுதுங்கள்.

லீஸ் என்ற சொல்லில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நமக்குத் தெரியும் என்று நாம் நம்புகிற சொல் அது. நம் ஏரியாவில் ‘லீசுக்கு வீடு’ என்றால் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அந்தத் தொகையைத் திருப்பி வாங்குவது. வெளியூர் ஆங்கிலத்தில் லீஸ் என்றால் இத்தனை காலத்துக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட வாடகை ஒப்பந்தம், மாதா மாதம் பணம் கட்டித்தான் ஆக வேண்டும். ‘லீஸ்ட் கன்டெய்னர்’ என்று மெயிலில் பார்த்தால் வீட்டு லீசை நினைத்துவிடாதீர்கள்.

இன்னொரு வகைக் குழப்பம் பக்கத்துச் சொல்லால் வருவது. நம் வடசென்னையில் பாக்சிங் பார்க்காத தெரு குறைவு. ‘அவனை ஜெயித்துவிட்டான்’ என்கிறோம், ‘மேட்சை ஜெயித்துவிட்டான்’ என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் மேட்ச்சுக்கு ‘வின்’, ஆளுக்கு ‘பீட்’. ‘ஹி வன் ஹிம்’ என்று எழுத முடியாது. அர்த்தம் ஒன்றுதான், பக்கத்தில் வைத்துக்கொள்ளும் ஆள்தான் வேறு. சே, டெல் இரண்டும் அப்படித்தான். டெல்லுக்குப் பின்னால் யாரிடம் என்று ஆள் வர வேண்டும். ‘ஹி டோல்ட் மீ தட்’ என்பது சரி, ‘ஹி டோல்ட் தட்’ என்பது தொங்கும். இதற்கெல்லாம் காரணம் தேடாதீர்கள். ஜோடியாகவே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

ஆங்கிலத்துக்கு எதற்கு இத்தனை வார்த்தை என்று கேட்டீர்களே, நல்ல கேள்வி. 1066-இல் நார்மண்டியிலிருந்து படையெடுத்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரண்மனையிலும் கோர்ட்டிலும் பல தலைமுறைகளுக்குப் பிரெஞ்சு. வயலிலும் வீட்டிலும் பழைய ஆங்கிலம். படித்தவர்கள் ஏட்டில் லத்தீன். மூன்றும் ஒன்றையொன்று விரட்டாமல் ஒன்றாகத் தங்கிவிட்டன. கேட்பதற்கு ‘ஆஸ்க்’ என்பது வீட்டுச் சொல். ‘கொஸ்சன்’ பிரெஞ்சு வழி வந்தது, வினையாக எழுதினால் கொஞ்சம் கறார். ‘இன்டெராகேட்’ லத்தீனிலிருந்து வந்தது, போலீஸ் விசாரணை வாடை அடிக்கும். வாங்குவதற்கு ‘பை’ வீட்டுச் சொல், ‘பர்ச்சேஸ்’ பிரெஞ்சு வழி வந்தது. பர்ச்சேஸ் ஆர்டர் என்போம், ‘பை ஆர்டர்’ என்று உங்கள் ஆபீஸில் யாரும் எழுத மாட்டார்கள்.

இது நமக்குப் புதிதா என்ன? தெருமுனையில் லாரி வந்தால் ‘தண்ணி லாரி வந்திடுச்சு’ என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். லாரியின் உடம்பில் எழுதியிருப்பது ‘குடிநீர்’. கிரகப்பிரவேசப் பத்திரிகையில் ‘எங்கள் புதிய இல்லத்தில்’ என்று போடுகிறோம், ஆட்டோக்காரரிடம் ‘இல்லத்துக்குப் போகணும்’ என்று சொல்வதில்லை. இதை யாரும் நமக்கு வகுப்பெடுக்கவில்லை.

தமிழ் ஆங்கிலத்தைவிட நுணுக்கமாகப் பிரிக்கிற இடங்களும் நிறைய. வலை கிழியும், கயிறு அறும், துடுப்பு முறியும், கண்ணாடி உடையும். ‘கயிறு உடைந்துவிட்டது’ என்று ஒருவர் சொன்னால் காசிமேட்டில் குழந்தைகூடச் சிரிக்கும். ஆங்கிலத்தில் வலையை மட்டும் ‘டேர்’ என்று தனியே எடுத்துவிட்டு, மற்ற மூன்றுக்கும் ‘ப்ரேக்’ போதும். வயலில் நெல், கடையில் அரிசி, தட்டில் சோறு என்று நாம் பிரிக்கிற மூன்றும் அன்றாட ஆங்கிலத்தில் ஒரே ‘ரைஸ்’. தமிழ் படிக்க வருகிற வெளிநாட்டுக்காரர் இந்த இடத்தில் நிற்கிற மாதிரிதான் நீங்கள் அந்த இடத்தில் நிற்கிறீர்கள். இவ்வளவு நுணுக்கத்தை ஒரு மொழியில் தப்பில்லாமல் கையாளுகிறவருக்கு இன்னொரு மொழியில் அது வராமல் போகாது. தமிழ் வழியில் படித்தது உங்களுக்கு ஒரு குறையே இல்லை.

இனி தினப்படி என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழ் அர்த்தம் என்று கோடு போட்ட நோட்டு வைத்திருந்தால் மூடி வையுங்கள். புது நோட்டில் சொல்லை எழுதாதீர்கள், அந்தச் சொல் வந்த வாக்கியத்தை முழுசாக எழுதுங்கள். யார் யாருக்கு எழுதியது, அதைப் படித்தவர் என்ன செய்தார் என்று கீழே ஒரு வரி தமிழில் எழுதுங்கள். உங்கள் ஆபீஸ் இன்பாக்ஸைவிட நல்ல பாடப்புத்தகம் உங்களுக்குக் கிடைக்காது. லைனரிலிருந்தும் வெளிநாட்டு ஏஜென்டிடமிருந்தும் வருகிற மெயில்களில் தேடும் பெட்டியில் ‘கன்ஃபர்ம்’ என்று அடித்துப் பாருங்கள். இருபது வாக்கியம் வந்து நிற்கும். அப்புறம் ‘வெரிஃபை’ என்று அடியுங்கள். அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

ஆங்கிலம் – தமிழ் அகராதியோடு, ‘லேர்னர்ஸ் டிக்‌ஷனரி’ என்ற வகையையும் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றும் இணையத்தில் இலவசம். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்காகவே எழுதியவை என்பதால் விளக்கம் எளிய சொற்களில் இருக்கும், உதாரண வாக்கியங்களும் இருக்கும். விளக்கத்தைவிட அந்த உதாரணங்களை முதலில் படியுங்கள். தெசாரஸ் பக்கம் மட்டும் இப்போதைக்குப் போக வேண்டாம். ஒரே குடும்பத்துச் சொற்களை அது வரிசையாக நிறுத்தும். யார் மாமியார், யார் நாத்தனார் என்று சொல்லாது. மொழிபெயர்ப்புச் செயலியைப் பயன்படுத்தினால் ஒற்றைச் சொல்லைப் போடாதீர்கள், முழு வாக்கியத்தைப் போடுங்கள். வந்த ஆங்கிலத்தைத் திரும்பவும் தமிழாக்கிப் பாருங்கள். ‘உங்கள் இன்வாய்ஸை நாங்கள் சந்தேகிக்கிறோம்’ என்று வந்திருந்தால் அன்றைக்கே உங்கள் கை நின்றிருக்கும்.

கடைசியாக அந்த 421, 412 விஷயம். இரண்டு எண்கள் பொருந்தவில்லை என்பதற்கு ‘டிஃபரன்ஸ்’, ‘மிஸ்மேட்ச்’, ‘டிஸ்க்ரெபன்சி’ என்று மூன்று சொல் உங்களுக்குத் தோன்றலாம். மூன்றாவது, பொருந்தியே ஆக வேண்டிய இரண்டு பொருந்தாமல் இருக்கிறது, விளக்கம் வேண்டும் என்று கேட்கிற சொல். எல்.சி. (பேங்க் தரும் பண உத்தரவாதக் கடிதம்) மூலம் பணம் வாங்குகிற வியாபாரத்தில் டாக்குமென்டில் டிஸ்க்ரெபன்சி என்று சொல்லி பேங்க் பணத்தையே நிறுத்திவைக்கலாம். அதனால் முதல் மெயிலில் அதைக்கூட எடுக்க வேண்டாம். எண்களையே பேச விடுங்கள்:

‘தி இன்வாய்ஸ் ஷோஸ் 421 கார்ட்டன்ஸ், பட் தி பேக்கிங் லிஸ்ட் ஷோஸ் 412. குட் யூ ப்ளீஸ் கன்ஃபர்ம் விச் ஃபிகர் இஸ் கரெக்ட்?’

இதில் ‘யுவர்’ இல்லை, ‘ராங்’ இல்லை. பேசுவது காகிதங்கள்தான், ஆள் மேல் எதுவும் விழவில்லை. ‘கன்ஃபர்ம்’ என்பதை அவர் கையில் கொடுத்திருக்கிறீர்கள், இனி அந்த எண்ணுக்கு அவர்தான் பொறுப்பு. அவர் பதில் போட்ட பிறகு புது டாக்குமென்ட் கேட்க வேண்டியிருந்தால் ‘கரெக்டட் இன்வாய்ஸ்’ என்பதைவிட ‘அமெண்டட் இன்வாய்ஸ்’ என்று கேளுங்கள். கரெக்ட் என்றால் முன்பு தப்பு இருந்தது என்று ஆகிறது. அமெண்ட் என்றால் முறைப்படி மாற்றியது, அவ்வளவுதான். சுங்கச் சட்டத்தின் 149-ஆம் பிரிவு, இறக்குமதிக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரி போன்றவற்றை மாற்றுவதற்கு ‘அமெண்ட்மென்ட்’ என்றே சொல்கிறது, உங்கள் ஆபீஸில் தினமும் கேட்கிற சொல்தான்.

அந்த சப்ளையருக்கு இன்னும் எதுவும் எழுதவில்லை என்றால், முதலாளியிடம் சொல்லிவிட்டு இந்த இரண்டு வரியை அனுப்புங்கள்: ‘இன் மை லாஸ்ட் மெயில் ஐ யூஸ்ட் தி வேர்ட் டவுட். ஐ ஒன்லி மென்ட் டு ஆஸ்க் எ கொஸ்சன் அபவுட் தி நம்பர் ஆஃப் கார்ட்டன்ஸ், அண்ட் ஐ ஆம் சாரி ஃபார் தி மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்.’ அவர் என்ன பதில் போடுகிறார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.